கூழுக்கு வராத கூடாரம்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஓர் அக்கா, ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றக் கூடாரம், நாற்காலி எல்லாம் பேசி 23,000 ரேண்ட் முன்பணம் கட்டினார். பூசையன்று லாரி வரவில்லை. இன்றுவரை பணமும் வரவில்லை. "ஹைகோர்ட்டுக்கே போகட்டுமா ஐயா?" என்று கேட்டார்.

அவ்வளவு தூரம் வேண்டாம், அக்கா. இந்த நாட்டில் எந்தக் கோர்ட்டு என்பதைப் பெரும்பாலும் தொகைதான் தீர்மானிக்கிறது. 20,000 ரேண்ட் வரை ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டு, அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட்டு. 200,000 வரை மாவட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டு, 400,000 வரை ரீஜனல் கோர்ட்டு, அதற்கும் மேலே ஹைகோர்ட்டு.

அக்காவுக்கு 3,000 இடிக்கிறது. அதை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ஸ்மால் கிளெய்ம்ஸிலேயே வழக்குப் போடலாம். விட்டது விட்டதுதான், பிறகு கேட்க முடியாது. ஒரே கடனை இரண்டு வழக்காகப் பிரித்துப் போடலாமே என்று என் மருமகன் கேட்டான். அந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லாது. வக்கீலாகிய நானே சொல்கிறேன்: விட்டுவிடுங்கள். மூவாயிரத்துக்காகப் பெரிய கோர்ட்டுக்குப் போனால் என் போன்றோருக்குத்தான் லாபம்.

ஸ்மால் கிளெய்ம்ஸில் வக்கீலுக்கு இடமே கிடையாது. அங்கே தீர்ப்புச் சொல்லும் கமிஷனர் உங்களையே கேள்வி கேட்டு விசாரிப்பார். நீங்கள் கம்பெனி மேல் வழக்குப் போடலாம், கம்பெனி உங்கள் மேல் அங்கே போட முடியாது. 1984-இல் வந்த அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விசாரணை நடந்த முறையில் கோளாறு இருந்தால் மட்டும் மறுபரிசீலனை கேட்கலாம்.

விவாகரத்து, உயில் செல்லுமா என்ற சண்டை, அவதூறு, இவை அங்கே போகாது. அரசாங்கத்தின் மேலும் அங்கே வழக்கு எடுக்க மாட்டார்கள்.

அக்காவிடம் ரசீது இல்லையாம், வாட்ஸ்அப் பேச்சுத்தான். அதையும் பேங்க் கணக்குத் தாளையும் அச்செடுத்து வையுங்கள். முதல் வேலை, "14 நாளில் பணம் கொடு" என்று ஒரு கடிதம். கையில் கொடுங்கள், இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் அந்தச் சீட்டோடு கோர்ட்டு கிளார்க்கைப் பாருங்கள். அடுத்த ஆடி வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இப்படிப்பட்ட கடன் பொதுவாக மூன்று ஆண்டில் காலாவதியாகிவிடும்.