சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்குமா?

வணக்கம். திருகோணமலையில் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்தால் போதும், உவர்மலையிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இன்றைக்கே சீனியை நிப்பாட்டுங்கோ, கட்டிக்குச் சாப்பாடே அதுதான்." இதில் பாதி உண்மை இருக்கிறது.

அந்தப் பாதி 1920களில் ஜெர்மனியில் தெரியவந்தது. ஒட்சிசன் தாராளமாக இருந்தும், கட்டியின் கலங்கள் குளுக்கோசை முழுதாக எரிக்காமல் இலற்றிக் அமிலமாக வெளியேற்றுவதை ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி கண்டார். கணக்குப் பார்த்தால் பெரிய நட்டம். இப்படிச் செய்தால் ஒரு குளுக்கோசுக்கு, கலம் சக்தியாகச் செலவழிக்கும் ஏ.ரீ.பி. மூலக்கூறு 2தான் கிடைக்கும், கலத்தின் சக்தி நிலையமான இழைமணிக்குள் அனுப்பி எரித்தால் ஏறக்குறைய 30. இழைமணி பழுதாகிவிட்டது என்று வார்பர்க் நினைத்தார். பெரும்பாலான கட்டிகளில் அது ஒழுங்காகவே வேலை செய்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

அப்புறம் ஏன் இந்த வீண்செலவு? கலம் இரண்டாகப் பிரியச் சக்தி மட்டும் போதாது. கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வுக்குக் கொழுப்பு, டி.என்.ஏ.க்கு மூலப்பொருள், புதுப் புரதம் என்று எல்லாவற்றுக்கும் காபன் தேவை. முழுதாக எரித்தால் அந்தக் காபன் காபனீரொட்சைட்டாகப் போய்விடும். பாதி வழியில் நிறுத்தினால் இடையில் உருவாகும் மூலக்கூறுகளை எடுத்துப் புதுக் கலம் கட்டலாம்.

சரி, இவ்வளவு குளுக்கோசையும் உள்ளே எடுக்கச் சொல்வது யார்? வாங்கிகள், அதாவது கலத்தின் மேற்பரப்பில் இருந்து வெளிச் செய்தியை உள்ளே கடத்தும் புரதங்கள்.

[திரையில்: கலத்தின் மேற்பரப்பு. இரண்டு வாங்கிகள் நெருங்கிச் சோடி சேர்கின்றன.]

சுற்றிலும் எவ்வளவு குளுக்கோசு இருந்தாலும் சாதாரணக் கலம் தன் இஷ்டத்துக்கு அள்ளி எடுக்காது. வளரச் சொல்லும் செய்தியைக் கொண்டுவரும் வளர்ச்சிக் காரணி ஒன்று வந்து மேற்பரப்பிலுள்ள வாங்கியில் ஒட்ட வேண்டும். ஒட்டியதும் வாங்கிகள் சோடி சேரும், அவற்றின் உட்புறத்தில் பொசுபேற்று என்ற சிறு இரசாயனக் கூறு ஏறும், செய்தி கலத்துக்குள் இருக்கும் பி.ஐ.3.கே., ஏ.கே.ரீ. என்ற புரதங்களிடம் கைமாறிப் போகும். பிரியச் சொல்வதும், குளுக்கோசு நுழையும் புரதங்களை மேற்பரப்புக்குக் கொண்டுவருவதும் இந்தச் செய்திதான். வாசல் மணி அடித்தால் மட்டும் கதவு திறக்கிற வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். புற்றுக் கலத்தில் அந்த மணியின் பொத்தான் அமுங்கியபடியே இறுகிக் கிடக்கிறது.

மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 சதவீதமானவற்றில் ஹெர்-2 என்ற வாங்கி அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். நெரிசலில் யாரும் வந்து ஒட்டாமலே அவை தமக்குள் சோடி சேர்ந்துவிடும். வாய்ப் புற்றுநோயில் பெரும்பாலும் மிகையாக இருப்பது ஈ.ஜி.எப்.ஆர். என்ற வாங்கி. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை இல்லாமல் வெற்றிலை போட்டால் பரவாயில்லை என்பார்கள். சும்மா கதை, அந்தப் புற்றுநோய் வரப் பாக்கே போதும்.

இப்போது சீனிக்கு வருவோம். நீங்கள் தேத்தண்ணியில் சீனி போடாவிட்டாலும் ஈரல் குளுக்கோசைத் தயாரித்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும், மூளைக்கு அது வேண்டுமே! பொத்தான் இறுகிய கலம் அதிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மெலிவது நோயாளிதான். சோற்றையும் மீனையும் முட்டையையும் குறைத்து உடம்பு இளைத்துப் போனால் சிகிச்சையைத் தாங்குவதே கஷ்டம். அதற்காகச் சோடா குடியுங்கள் என்று சொல்லவில்லை. உடற்பருமன் 13 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது. அதில் இன்சுலினுக்கும் பங்கு உண்டு. இன்சுலின் வாங்கியும் அதே பி.ஐ.3.கே. பாதையைத்தான் தூண்டுகிறது. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன உணவு முறையை விடக்கூடாது.

கட்டி ஒன்றிரண்டு மில்லிமீற்றரைத் தாண்டினால் நடுவில் ஒட்சிசன் எட்டாது. அங்குள்ள கலங்கள் புது இரத்தக் குழாய்களை வரவழைக்கும், குளுக்கோசுக்கும் இன்னும் அலையும். அவை வெளியேற்றும் அமிலம் நோயெதிர்ப்புக் கலங்களைச் சோரவைக்கும்.

ஆகவே கைவைக்க வேண்டிய இடம் பொத்தான். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ராஸ்டுசுமாப் ஹெர்-2ஐப் பிடித்துக்கொள்ளும் மருந்து. ஆனால் ஹெர்-2 பக்கத்திலுள்ள ஹெர்-3 என்ற இன்னொரு வாங்கியுடன் சோடி சேர்ந்தும் பி.ஐ.3.கே.க்குச் செய்தி அனுப்பும். 2012இல் வந்த பெர்ட்டுசுமாப் என்ற மருந்து, ஹெர்-2 சோடி சேர்கிற அந்த இடத்திலேயே போய் ஒட்டுகிறது. இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது இதற்காகத்தான்.