மடித்த தாள்

வணக்கம்ங்க. ஈரோட்டில் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சனிக்கிழமை பொழுதோட எங்கள் ஊர் நூலகத் திண்ணையில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பதினோரு பிள்ளைகளை எழுதப் பழக்குகிறேன், அதைப் பற்றித்தான் ரேடியோவில் பேசக் கூப்பிட்டார்கள். ஊர் சென்னிமலைக்குத் தெற்கே, நொய்யல் பக்கம், அவ்வளவு போதும்.

முதல் வாரம் 'ஆற்று மாசு' என்று தலைப்புக் கொடுத்தேன். பதினோரு பேரும் ஒரே கட்டுரையை எழுதிக்கொண்டு வந்தார்கள். முன்னுரை, கங்கை, பிளாஸ்டிக், மரம் வளர்ப்போம், முடிவுரை. சைக்கிளை மிதித்தால் ஒரத்துப்பாளையம் அணை வந்துவிடும், ஆனால் ஒரு நோட்டிலும் அணை இல்லை. ஏன்டா என்று கேட்டால், "அதையெல்லாம் கட்டுரையில எழுதலாமுங்களாக்கா?" என்கிறான் ஒருவன்.

சரி, வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள் என்று அனுப்பினேன். 1992-ல் பாசனத்துக்கென்று திறந்த அணை, அதில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது, 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, இதையெல்லாம் நான் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் அடுத்த வாரம் ஒரு பையன் எழுதியிருந்தான்: "அப்புச்சி தோட்டத்துக் கிணத்துத் தண்ணியில் சோப்பு நுரைக்காது. மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்." அந்த மாட்டை எந்தப் புத்தகத்திலிருந்து நான் கொண்டுவர முடியும்?

அதை வாசித்து முடித்ததும் பின்னால் உட்கார்ந்திருந்தவன் மெதுவாகக் கையைத் தூக்கினான். "பட்டறைய மூடினப்ப எங்கப்பா வேலையில்லாம ஊட்டுல உட்கார்ந்திருந்தாராமுங்க, அதையும் எழுதலாமுங்களா?" எழுதடா என்றேன். நியாயம் ஒரு பக்கம்தான் இருக்கிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தது நான்தான், அவன் இல்லை.

அப்புறம் நான் செய்த ஒரு தப்பு. ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி தன் சித்தியைப் பற்றி எழுதினாள். பதினாறு வயதில் சுமங்கலித் திட்டத்தில் நூல் மில்லுக்குப் போனவர். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்றிருக்கிறார்கள். நாலு மாசம் பாக்கி இருக்கும்போது உடம்பு முடியாமல் வந்துவிட்டார், மொத்தப் பணம் கைக்கு வரவில்லை. அவர் கொண்டுவந்த தகரப்பெட்டியில் இப்போது ரேஷன் அரிசி இருக்கிறது என்று முடித்திருந்தாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ராத்திரிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் அவள் அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. "ஊட்டுக் கதைய ஊருக்குப் படிக்கறதுக்கா கண்ணு புள்ளய அனுப்பினேன்?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுத்து நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் அந்த இடத்தில் ஒரு பதிலா? அவள் இரண்டு வாரம் வரவில்லை.

நான் அவர்கள் வீட்டுக்குப் போய், அந்தச் சித்தியிடமே மன்னிப்புக் கேட்டேன். டீ போட்டுக் கொடுத்தார். அவள் எழுதினதைத் தன்னிடமும் படித்துக் காட்டச் சொன்னார், கேட்டுவிட்டு, பெட்டிக்குப் பூட்டு இருந்ததை எழுதாமல் விட்டுவிட்டாளே என்றார். ரேடியோவில் சொல்லட்டுமா என்று போன வாரம் கேட்டபோது, தாராளமாகச் சொல்லு, ஊர்ப்பேர் மட்டும் வேண்டாம் என்றார். ஆரம்பத்தில் நான் மழுப்பியது அதனால்தானுங்க.

இப்போது எங்கள் திண்ணையில் ஒரு வழக்கம் இருக்கிறது. தாளின் மேல் மூலையை மடித்துக் கொடுத்தால் நான் மட்டும் படிக்க வேண்டும், யாரிடமும் மூச்சு விடக்கூடாது. போன சனிக்கிழமை அவள் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள், மூன்றிலும் மூலை மடித்திருந்தது.