கைவிட்ட கல்குட்டை

அனைவருக்கும் வணக்கம். இயற்கை அழகைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கல்குட்டையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிக்கலாம். வெடி வைத்துத் தகர்த்த இடத்தில் என்ன அழகு?

மாங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிக்கராயபுரத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே இருபதுக்கும் மேற்பட்ட பழைய குவாரிகள். கல் எடுத்து முடிந்ததும் ஆட்கள் போனார்கள், லாரிகள் போயின, அப்புறம் மழைத் தண்ணீர் வந்து தங்கிவிட்டது. 2017 வறட்சியில் அந்தத் தண்ணீரைத்தான் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்து, நாளுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் சென்னைக்குக் கொடுத்தார்கள். 2019-லும் அது கைகொடுத்தது. நம்மில் பலர் கல்குட்டையைப் பார்த்ததில்லை; குடித்திருக்கிறோம்.

சரி, அழகுக்கு வருவோம். முதலில் சுவரைப் பாருங்கள். வெளியே கிடக்கும் பாறை வெயிலும் மழையும் பட்டுப் பழுப்பேறி இருக்கும். வெட்டிய முகத்தில்தான் அதன் உண்மை நிறம் தெரியும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லை உடைத்தால் உள்ளே கரும்பச்சை. எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு. பூமிக்குள் வெகு ஆழத்தில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்த கல் இது. பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் இந்த வகைக் கல் இருக்கிறது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். பரங்கிமலைக் கல் என்று வைத்திருக்கலாம். போகட்டும்.

அடுத்து தண்ணீர். ஏரிக்கு வரத்துக் கால்வாய் உண்டு, அது வண்டலையும் சேர்த்தே கொண்டுவரும். கல்குட்டைக்கு அது கிடையாது. நேரே விழும் மழையும் பாறை விரிசலில் கசிவதும்தான் அதன் வரத்து. கலக்க யாருமில்லாததால் துகள் எல்லாம் அடியில் படிந்துவிடுகிறது. மேலே நின்று பார்த்தால் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம். வேறெந்த நீர்நிலையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

செங்குத்துச் சுவரில் நாய் ஏறாது, மனிதனும் ஏறமாட்டான். கொம்பன் ஆந்தைக்கு வேண்டியது அதுதான். கூடு என்று எதையும் கட்டாமல், சுவரின் விளிம்பில் வெறும் தரையிலேயே முட்டையிடும். சுவரின் தலையில் மிஞ்சிய மண்ணில் மீன்கொத்தி பொந்து குடைகிறது. காக்கை எச்சத்தில் வந்த ஆலங்கன்று விரிசலில் வேர்விடுகிறது. வெடி வைக்கத் துளை போட்ட தடங்கள் சுவரில் பாதிக் குழாய்போல மேலிருந்து கீழாக ஓடும். அந்தக் குழிவிலும் பெரணி முளைத்திருக்கும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? குழி காலியாக இருக்கிறதே என்று குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். எனக்குக் கோபம் வருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

பார்க்க ஆசையிருந்தால் தை மாதம் போங்கள். மழைத் தண்ணீர் நிறைந்திருக்கும். காலை வெயில் மேற்குச் சுவரில் விழும்போது எதிர்ப்பக்கம் நில்லுங்கள், விளிம்பிலிருந்து தள்ளியே. இறங்க வேண்டாம். குளத்துக்கு இருப்பதுபோலச் சரிவான கரை இதற்கில்லை. முதல் அடி முழங்கால் அளவு என்றால் அடுத்த அடி பனைமர ஆழமாக இருக்கலாம். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். துண்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.