தொழிலாளி முதலாளி ஆகலாம் என்றால் வர்க்கம் எங்கே இருக்கிறது?

"திருப்பூரில் நேற்று தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர் இன்று கம்பெனி நடத்துகிறார், அப்படியிருக்க, வர்க்கப் பிரிவு என்று ஏன் பேசுகிறீர்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொல்லும் தகவல் உண்மைதான். பனியன் கம்பெனி முதலாளிகளில் பலர் டெய்லராகவும் கட்டிங் மாஸ்டராகவும் தொழிலைத் தொடங்கியவர்கள். அந்த உழைப்பை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

மெஷின் யாருடையது, அதில் தைப்பவர் யார், தைத்த துணியை விற்று வரும் லாபம் யாரைச் சேர்கிறது என்ற உறவைத்தான் மார்க்ஸ் வர்க்கம் என்று குறித்தார். டெய்லர் ஒருவர் நான்கு மெஷின் வாங்கிப்போட்டு ஜாப் ஒர்க் எடுக்க, அதாவது பெரிய கம்பெனியின் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கத் தொடங்கினால் அவருடைய இடம் மாறிவிடுகிறது. ஆனால் அந்த நான்கு மெஷினிலும் உட்கார ஆள் வேண்டுமே! இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் அங்கே உட்கார்ந்து, காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை 'ஒன்றரை ஷிப்ட்' பார்த்துவிட்டு, சனிக்கிழமைச் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள்.

எல்லோராலும் அப்படி மேலே வர முடிந்ததா என்பதையும் கேட்க வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் கவுண்டர் சமூகத்து விவசாயக் குடும்பத்தினர். அடகு வைக்கக் கொஞ்சம் நிலமும், நம்பிக் கடன் கொடுக்கச் சொந்தபந்தமும் அவர்களுக்கு இருந்தன. அதே கம்பெனியில் பிசிறு வெட்டிய பெண்ணுக்கும், அருந்ததியர் தெருவிலிருந்து வேலைக்கு வந்தவருக்கும் அந்தக் கடனைக் கொடுக்க யார் இருந்தார்கள்?

1984இல் பஞ்சப்படி (விலைவாசி உயர்வுக்கு ஈடாகச் சம்பளத்தோடு தரும் தொகை) கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதிரே இருந்த முதலாளிகளில் பலருக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்தால் முதுகு எப்படி வலிக்கும் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்தும் இழுத்தடித்தார்கள் என்றால், அவர்களுக்கு ஈரம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கூலி கூடினால் லாபம் குறைகிற இடத்துக்கு அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள்.

சின்ன ஜாப் ஒர்க் முதலாளியை எந்தப் பக்கம் வைப்பது என்பது மட்டும் உண்மையிலேயே சிக்கலான கேள்வி. பீஸுக்கு எவ்வளவு என்பதை ஆர்டர் கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி முடிவு செய்கிறது. ஆள் வராத நாளில் அவரே மெஷினில் உட்காருகிறார். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு நோட்டைத் திறந்து, யாருக்கு எவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பவர் அவர்தான்.