கிராம சபை அறிவிப்பைக் கூட்டத்தன்று காலையில் ஒட்டினால் அந்தக் கூட்டம் செல்லுமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். முதலில் கேள்வியைப் படித்துவிடுகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். "ஐயா, எங்கள் ஊராட்சியில் ஆகஸ்ட் 15 கிராம சபைக்கான அறிவிப்பை அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். கூட்டம் பதினொரு மணிக்கு. ஏன் என்று கேட்டால், வாட்ஸ்அப் குழுவில் முன்தினமே போட்டுவிட்டோம் என்கிறார்கள். நான் அந்தக் குழுவில் இல்லை. என்னைப் போல் நிறையப் பேர் இல்லை. இப்படி நடந்த கூட்டம் செல்லுமா?" பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நியாயம்தான், அவர் அதே ஊரில் குடியிருக்க வேண்டியவர்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். எனக்கு வருகிற கேள்விகளில் பாதி வீட்டு வரி, மீதியில் பாதி பட்டா. அறிவிப்பைப் பற்றி ஒருவர் கேட்பது அபூர்வம். சுவரில் ஒட்டுகிற ஒரு தாள், அதற்கு என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். இந்தத் தங்கை நேரத்தைக் கூடக் குறித்துவைத்திருக்கிறார், பாருங்கள்.

நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன், பிறகு என் வழக்கப்படி வேறெங்காவது போகிறேன். கிராம சபை கூடுகிற இடமும் நேரமும் ஏழு நாளைக்கு முன்பே மக்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த விதிகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லித்தான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து சுற்றறிக்கை வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே குக்கிராமத்தில் நடத்தாமல் சுழற்சி முறையில் நடத்த வேண்டும், மதம் சார்ந்த எந்த வளாகத்திலும் நடத்தக் கூடாது என்றெல்லாம் அதிலேயே இருக்கும். ஆகவே கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஒட்டுவது அறிவிப்பில் சேராது. தாலி கட்டி முடிந்த பிறகு கல்யாணப் பத்திரிகையை நீட்டுகிற கதைதான் அது.

செல்லுமா என்றால், அதை நீங்களும் நானும் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். எத்தனை மணிக்கு ஒட்டினார்கள், எங்கே ஒட்டினார்கள், தேதி தெரிகிற மாதிரி ஒரு புகைப்படம், இவற்றோடு அவருக்கு மனு கொடுக்கலாம். கூடவே ஒன்றைப் பாருங்கள்: குறைவெண் வரம்பு, அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர் வர வேண்டும். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். யாருக்கும் தெரியாமல் அறிவித்த கூட்டத்துக்கு 200 பேர் எப்படி வந்தார்கள் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே நோட்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையாகக் கையெழுத்து வாங்கிவருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓர் அம்மா மண்வெட்டியைக் கீழே வைக்காமலேயே இடது கையால் ரேகை வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "சம்பளத்துக்கு" என்றார்.

சரி, வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. முன்பெல்லாம் தண்டோராதான். பறையடித்து, தெருமுனையில் நின்று, "இதனால் சகலருக்கும்" என்று தொடங்குவார்கள். அந்த வேலையை யார் தலையில் கட்டினோம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் எழுதினார்: தண்டோரா போடும் பழக்கத்தை நிறுத்துங்கள், வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று. நிறுத்தியது மிகச் சரி. அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் ஒலிபெருக்கி வந்ததா? ஆட்டோவுக்கு வாடகை, மைக் செட்டுக்கு வாடகை, அதற்கு வவுச்சர். அவ்வளவு சிரமம் எதற்கு என்று பல ஊர்களில் கைப்பேசிக் குழுவோடு முடித்துக்கொண்டார்கள். தண்டோரா காலத்தில் காது கேட்கிற எல்லோருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. தலைவருக்குப் பிடிக்காதவர் வீட்டு வாசலிலும் சத்தம் கேட்டது. குழுவில் அப்படி இல்லை. குழுவை நடத்துகிறவர் யாரைச் சேர்த்தாரோ அவர்தான் ஊர். நல்ல போன் யார் கையில் இருக்கிறது? வீட்டுக்கு ஒன்று என்றால் அது மகன் கையில். அவன் திருப்பூரிலோ ஓசூரிலோ கம்பெனியில் நிற்கிறான். குடிநீர் வரவில்லை என்று கேட்க வேண்டிய அவன் அம்மாவுக்குக் கூட்டம் நடப்பது தெரியாது. வாட்ஸ்அப்பில் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ரேஷன் கடையிலும் பால் சங்கத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டிவிட்டு அதற்கு மேல் போடட்டும்.

ஒட்டினால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் மைதாப் பசை போட்டு ஒட்டிய தாளை ஆடு தின்றுவிடும். அதைக்கூட மன்னித்துவிடலாம், ஆட்டுக்கு அரசியல் கிடையாது. இன்னொரு ஊராட்சியில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஏலம் விட வேண்டும். அறிவிப்பு ஒட்டியாயிற்று என்றார்கள். எங்கே என்று தேடினால் கண்ணில் படவில்லை. கடைசியில் அலுவலகக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தது. கதவைத் திறந்துவைத்தால் அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அலுவலகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கதவும் திறந்திருக்கும். பூட்டிய பிறகு உள்ளே யாராவது இருந்தால் நிம்மதியாகப் படிக்கலாம்! ஏலத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் மாமன் மச்சான் முறை. விலை எங்கே போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பணம் ஊராட்சிப் பொதுநிதிக்கு வர வேண்டிய பணம். தெருவிளக்கு பல்பு மாற்ற நிதி இல்லை என்று சொல்கிறார்களே, அந்த நிதி.

இங்கேதான் நான் உங்களை வேறு இடத்துக்கு அழைத்துப் போகப் பார்க்கிறேன். வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் எங்கே வருவேன் என்று தெரியும். கூட்டத்துக்கு முன்னால் ஒட்டுகிற தாளைப் பற்றித் தங்கை கேட்டிருக்கிறார். கூட்டம் முடிந்த பிறகு ஒட்ட வேண்டிய தாளைப் பற்றி யாருமே கேட்பதில்லை. அதைக் கேட்க மாட்டீர்களா என்று நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

முன்னால் ஒட்டுகிற தாளில் என்ன இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஊராட்சிகள். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே கூட்டப்பொருள். டெங்கு தடுப்பு, மழைநீர் சேகரிப்பு, நெகிழித் தடை, தூய்மைப் பணி, குடிநீர்த் திட்டம், இதர பொருட்கள். எல்லாம் மேலிருந்து வந்த பட்டியல். உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஏணி உடைந்து இரண்டு வருடமாகத் தொட்டியைக் கழுவவில்லை என்பது அந்தப் பட்டியலில் வராது. 'இதர' என்ற கடைசி வரியில்தான் உங்கள் ஊர் இருக்கிறது. அந்த வரிக்கு வரும்போது பற்றாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பற்றாளர் யார் என்று புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு: கூட்டத்தைக் கவனித்து அறிக்கை கொடுக்க ஒன்றியத்திலிருந்து வருகிற அரசு ஊழியர்.

ஆகவே முன் அறிவிப்பு சரியாக ஏழு நாளுக்கு முன் ஒட்டப்பட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போனீர்கள், டீ குடித்தீர்கள், பேசினீர்கள். என்ன தீர்மானம் எழுதப்பட்டது? பல இடங்களில் தீர்மானப் பதிவேடு கூட்டத்தில் எழுதப்படுவதே இல்லை. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மறுவாரம் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். நீங்கள் எதிர்த்துப் பேசிய விஷயம் "ஏகமனதாக" என்று அதில் ஏறிவிடும். அதனால்தான் சொல்கிறேன், அழைப்பைக் கேட்பதைப் போல் இரண்டு மடங்கு தீர்மானத்தையும் கணக்கையும் கேளுங்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி இங்கே ஏற்கெனவே பேசியிருக்கிறேன், மறுபடியும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள். எல்லோரும் குடவோலையைச் சொல்வார்கள்: ஊரைப் பிரித்த முப்பது குடும்பு, ஓலையில் பெயர், குடத்தில் கைவிடுகிற சிறுவன். அது பிராமணர்களின் சபை, நிலமுள்ளவர்களின் சபை. இன்றைய கிராம சபையோடு அப்படியே சேர்த்துப் பெருமை பேசுவதற்கு ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்தது வேறு வரி. ஏற்கெனவே வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி பெயர் கொடுக்கக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், மருமகன் என்று ஒரு நீண்ட பட்டியல். கணக்குக் காட்டாதவனின் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். அதைக் கோயில் மண்டபச் சுவரில் வெட்டினார்கள். கதவின் உள்பக்கத்தில் வெட்டவில்லை. புளியமர ஏலம் எடுத்த மூன்று மச்சான்களும் அந்தக் காலத்தில் உத்திரமேரூரில் இருந்திருந்தால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றைக்கு அந்தச் சுவருக்குச் சமமான ஏற்பாடு நம் சட்டத்திலும் சுற்றறிக்கையிலும் இருக்கிறது. படிவம் 30 என்று ஒன்று உண்டு. ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை. அதைக் கிராம சபையில் வைத்துப் படித்து ஒப்புதல் பெற வேண்டும். அதன் சுருக்கத்தை ஃபிளக்ஸ் பேனராக மக்கள் பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும். பிறந்தநாளுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் முச்சந்தியை மறைத்து ஃபிளக்ஸ் வைக்கத் தெரிந்த ஊர்களில், இந்த ஒரு ஃபிளக்ஸ் மட்டும் கண்ணில் படுவதில்லை. வைத்தாலும் மேசைக்குப் பின்னால், அதிகாரிகள் நாற்காலி போட்டு மறைத்தபடி இருக்கும். எழுந்து போய்ப் பாருங்கள். தொட்டி கழுவியதற்கு எவ்வளவு, பிளீச்சிங் பவுடருக்கு எவ்வளவு, மோட்டார் பழுதுக்கு எவ்வளவு என்று இருக்கும். மோட்டார் பழுது நல்ல இடம். பல ஊர்களில் மோட்டார் மாதா மாதம் பழுதாகிறது, கணக்கில்.

இப்போது இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில், தங்கையின் மாவட்டமும் அதில் ஒன்று, தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்துவிட்டது. தனி அலுவலர் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலர் கைக்குப் போனது. ஓர் ஒன்றியத்தில் சராசரியாக முப்பதுக்கு மேல் ஊராட்சிகள். ஒரே மனிதர் முப்பது ஊரின் தீர்மானப் பதிவேட்டுக்கும் பொறுப்பு என்றால், சுவரில் தாள் ஒட்டுகிற வேலை யார் தலையில் விழும்? ஊராட்சிச் செயலர் தலையில். அவர் ஒருவரே வரி வசூல், குடிநீர் புகார், நூறு நாள் வேலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே முதலில் சண்டைக்குப் போகாமல் தீர்மானத்தின் நகலையும் கணக்கையும் அவரிடம் கேளுங்கள். கொடுத்துவிட்டால் மனுவே வேண்டாம்.

கொடுக்கவில்லை என்றால், தங்கை, எழுதிக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1). பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், உங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். "ஆகஸ்ட் 15 அன்று நடந்த எங்கள் ஊராட்சிக் கிராம சபையின் அறிவிப்பு நகல், வருகைப் பதிவேட்டின் நகல், நிறைவேற்றப்பட்ட தீர்மானங்களின் நகல், அக்கூட்டத்தில் வைக்கப்பட்ட படிவம் 30இன் நகல் ஆகியவற்றைத் தர வேண்டுகிறேன்." அவ்வளவுதான். எதற்குக் கேட்கிறேன் என்று ஒரு வரிகூட எழுத வேண்டாம், கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. அலுவலகம் மாறிப் போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். முப்பது நாளில் பதில். விரைவுத் தபாலில் அனுப்புங்கள், அந்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

அதற்குள் அக்டோபர் 2 வந்துவிடும். முன்பு ஆண்டுக்கு நான்கு கூட்டம். 2022இலிருந்து மார்ச் 22ஐயும் நவம்பர் 1ஐயும் சேர்த்து ஆறு ஆகியிருக்கிறது. ஆகவே உங்களுக்கு வாய்ப்பு அடிக்கடி வரும். செப்டம்பர் 24ஆம் தேதி மாலை ரேஷன் கடைக்குப் போகிற வழியில் பலகையைப் பாருங்கள். தாள் இல்லை என்றால் அன்றைக்கே புகைப்படம். கூட்டத்துக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், மகளிர் குழுவிலிருந்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆகஸ்டில் போட்ட தீர்மானத்தை முதலில் படியுங்கள், பிறகு டெங்குவைப் பற்றிப் பேசலாம் என்று ஒருவர் சொன்னால் போதும்.

அடுத்த கேள்வி, ஊராட்சியில் வீடு கட்ட வரைபட அனுமதி ஆன்லைனில் கேட்டு மூன்று மாதமாகப் பதில் இல்லை என்று ஒருவர். அதற்கு வருகிறேன்.