120 மைக்ரான் கவர் போட்டால் தப்பிக்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. திருநெல்வேலிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் நீளம், நான் சுருக்கிச் சொல்கிறேன். சோதனைக்கு வந்தவர்கள் கடையில் இருந்த கவர் கட்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு அபராதமும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். "மொத்தக் கடையில 120 மைக்ரான், சென்ட்ரல் கவர்மென்ட்டே அனுமதிச்சதுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. கட்டைப் பை துணி மாதிரிதான் இருக்கு, அதையும் எடுத்துட்டாங்க. அப்போ பிஸ்கட் பாக்கெட் என்ன வாழை இலையிலயா வருது தம்பி?" என்று கேட்கிறார்.

கோபம் நியாயம்தான் அண்ணாச்சி. ஆனால் அந்த மொத்தக் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை, அந்தப் பாதியை நம்பித்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். மைக்ரான் என்பது கவரின் தடிமனைச் சொல்கிற கணக்கு. மத்திய அரசு விதிப்படி கேரி பேக் 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் இருக்க வேண்டும். அது நாடு முழுக்க உள்ள குறைந்தபட்சக் கணக்கு. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2018 ஜூனில் அரசாணை போட்டு, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களைத் தடை செய்துவிட்டார்கள். அந்த ஆணையில் 'எந்தத் தடிமனாக இருந்தாலும்' என்றுதான் இருக்கிறது. அதனால் நம் ஊரில் 120 என்ன, 200 மைக்ரான் போட்டாலும் பிளாஸ்டிக் கேரி பேக் தடை செய்த பொருள்தான். இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக, இனி யாராவது மைக்ரான் கணக்கு சொல்லிச் சரக்குத் தள்ளினால், "அதை வேற மாநிலத்துல விற்றுக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள்.

அந்தத் துணி மாதிரிப் பை இருக்கிறதே, அது நான்-வோவன். கையில் பிடித்தால் துணிதான், ஆனால் பாலிப்ரொப்பிலீன் இழையைச் சூட்டில் ஒட்டிச் செய்தது, அதாவது பிளாஸ்டிக். தீக்குச்சி வைத்தால் உருகிச் சொட்டும், பருத்தித் துணி அப்படி உருகாது, கருகிச் சாம்பலாகும். இதுவும் அந்த 14ல் உண்டு. இந்தப் பை விஷயத்தை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதைக் காட்டி "இப்போ ஓகே ஆயிடுச்சு" என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பரிசீலிக்கச் சொன்னது வேறு, அனுமதி வேறு. அரசாணை உங்கள் கைக்கு வராமல் ஒரு கட்டு கூட இறக்காதீர்கள். அதே தீர்ப்பில் பேப்பர் கப் மீதான தடை சரி என்று சொல்லிவிட்டார்கள், அதனால் டீக்கடைக்குச் சேர்த்து கப் விற்கிறவர்கள் அதை நிறுத்துவது நல்லது. பேப்பர் கப்பை மெதுவாகக் கிழித்துப் பாருங்கள், உள்ளே மெல்லிய படலம் ஜவ்வு மாதிரி இழுபடும். பளபள பேப்பர் தட்டும் அதே கதைதான்.

பிஸ்கட் பாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. நிறுவனத்திலேயே சீல் வைத்து வருகிற உறைக்கு 2018 ஆணை விலக்கு கொடுத்தது. 2020ல் அந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள், அது அரசும் கம்பெனிகளும் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. மத்திய விதிப்படி அந்த உறையைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பும் கம்பெனிக்காரர் தலையில்தான். பெரியவர்களுக்கு ஒரு நியாயம் சின்னவர்களுக்கு ஒரு நியாயமா என்று நீங்கள் கேட்டால் எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் கால் கிலோ பருப்பை நீங்கள் கடையில் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுகிறீர்களே, அந்தக் கவருக்கு அன்றைக்கும் விலக்கு இல்லை. அது ஆலையில் சீல் வைத்தது இல்லை, கடையில் கட்டியது. பால், தயிர், எண்ணெய், மருந்து இவற்றின் உறைக்குத் தனி விலக்கு இருக்கிறது, அந்த பாக்கெட்டுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்போ பருப்பை எதில் கட்டுவது? நாங்கள் கடை வைத்திருந்தபோது 2019 ஜனவரியில் முதலில் செய்தது பழைய நியூஸ்பேப்பரை இறக்கியதுதான். அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அச்சு மை உணவில் இறங்கும் என்பதால் நியூஸ்பேப்பரில் உணவுப் பொருளைக் கட்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை சொல்கிறது. ஒன்றில் தப்பித்து இன்னொன்றில் மாட்டாதீர்கள். அச்சடிக்காத பழுப்பு காகிதம் ரோலாகவும் வருகிறது, ஒட்டின கவராகவும் வருகிறது. பருப்பு, ரவை, கடுகு, மிளகு எல்லாம் அதில் நன்றாக நிற்கும். அப்பா கூம்பு சுற்றிச் சணல் போட்டுப் பொட்டலம் கட்டுவார், ஒரு மணி சிந்தாது. எனக்கு அது கடைசி வரை வரவில்லை, ஒட்டின கவர்தான்.

தலைவலி சர்க்கரை, வெல்லம், புளி, அப்புறம் மாவு. மழைக்காலத்தில் சர்க்கரை காகிதத்தை ஈரமாக்கிவிடும், அதனால் முன்கூட்டியே கட்டி அடுக்காமல் ஆள் வந்த பிறகு நிறுத்துப் போடுங்கள். புளிக்கும் கருப்பட்டிக்கும் உங்கள் பக்கத்தில் ஓலைப் பெட்டி இருக்கிறது, நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இட்லி மாவுக்குத் தூக்குவாளி கொண்டுவரச் சொல்வது ஒன்றுதான் வழி. முதல் பத்து நாள் முகம் சுளிப்பார்கள், பாத்திரம் கொண்டு வந்தால் ஒரு கரண்டி கூடுதல் என்று போர்டு வைத்துப் பாருங்கள். பாத்திரத்தோடு தராசில் வைக்கும்போது எடையைக் கழித்துக் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே ஒரு சண்டை.

பைக்கு வருவோம். மஞ்சப்பையை அரசே 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று மறுபடி கொண்டுவந்தது, கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் பை தருகிற இயந்திரம் கூட வைத்தார்கள். இலவசமாகக் கொடுத்தால் உங்களுக்குக் கட்டுபடியாகாது. பத்து ரூபாய் டெபாசிட் வாங்கிக் கொடுங்கள், திருப்பிக் கொண்டுவந்தால் பணம் வாபஸ். நம் ஆள்கள் திருப்பித் தருவார்களா என்று சிரிக்காதீர்கள், நீலகிரியில் டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 2022 முதல் பத்து ரூபாய் திருப்பிக் கொடுக்கிறார்கள், பாட்டில் திரும்பி வருகிறது. அங்கே இரண்டாவது கடை போடுகிற யோசனை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நீலகிரி, கொடைக்கானல் பக்கம் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை, விதி இன்னும் கடுமை.

மக்கும் கவர் என்று ஒன்று விற்கிறார்களே என்றும் கடைசியில் கேட்டிருந்தார். உண்மையிலேயே உரமாக மக்கும் வகை உண்டு, அதற்கு விலக்கும் உண்டு. ஆனால் பச்சைக் கலரில் இலைப் படம் போட்டதெல்லாம் அது இல்லை. கவரிலேயே 'கம்போஸ்டபிள்' என்ற சொல்லும், தயாரிப்பாளர் பெயரும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். வெறும் 'பயோடீகிரேடபிள்' என்று இருந்தால் தொடாதீர்கள். சான்றிதழ் நகலும் ஜிஎஸ்டி பில்லும் கேளுங்கள். பில் தர மாட்டேன், நாளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, உள்ளே மச்சில் மிச்சக் கட்டு எதுவும் இருக்கிறதா அண்ணாச்சி? விற்றால் மட்டும்தான் குற்றம் என்று நினைக்கிறார்கள், இருப்பு வைப்பதே தடைக்குள் வருகிறது, வண்டியில் கொண்டுபோவதும் அப்படித்தான். அபராதம் ஒவ்வொரு தடவையும் ஏறும், திரும்பத் திரும்ப மாட்டினால் கடை உரிமமே போகும். அந்த மிச்சக் கட்டைப் பின்பக்கம் போட்டுக் கொளுத்தவும் வேண்டாம், உங்கள் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ கொடுத்து ஒரு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது கட்டின அபராதத்துக்கும் ரசீது தந்தார்களா என்று பாருங்கள். தரவில்லை என்றால் நாளைக்கே போய்க் கேட்டு வாங்கி, உரிமம் மாட்டியிருக்கிற அதே கோப்பில் வையுங்கள்.