படம் வருகிறது, சத்தம் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

டி.வி.யில் படம் பளிச்சென்று வருகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் எல்லோரும் முதலில் டி.வி.யைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பழுது பார்க்கப் போன வீடுகளில் நான் கண்டது வேறு. பெரும்பாலும் டி.வி. நன்றாகவே இருக்கும். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், தான் வழக்கமாகப் பார்க்கும் செய்தி சேனலை மூன்று வாரமாக வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று சொல்லாமல் இருந்துவிட்டார். செட் டாப் பாக்ஸின் மெனுவில் ஒரே ஒரு இடத்தை மாற்றினேன், சத்தம் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக இன்று வந்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன சோதனை. பென் டிரைவில் ஒரு பாட்டை வைத்து டி.வி.யில் நேராகப் போட்டுப் பாருங்கள். பாட்டு கேட்டால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. கேட்கவில்லை என்றால், டி.வி. மெனுவில் சத்தம் வெளி ஸ்பீக்கருக்குப் போகும்படி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சவுண்ட் பாரைக் கழற்றி வைத்த பிறகும் அந்த அமைப்பு அப்படியே நின்றுவிடுவது உண்டு.

அப்புறம், பாக்ஸுக்கும் தனியாக வால்யூமும் மியூட்டும் உண்டு. பாக்ஸின் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு, டி.வி. ரிமோட்டில் கூட்டிக் குறைப்பது நல்லது. பாக்ஸில் குறைத்து டி.வி.யில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும்.

சரி, அந்தப் பெரியவர் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மற்ற சேனல்களில் சத்தம் வந்தது, அந்த ஒன்றில் மட்டும் இல்லை. பாக்ஸ் சத்தத்தை இரண்டு விதமாக அனுப்பும். ஒன்று பி.சி.எம்.; எந்த டி.வி.யும் அப்படியே எடுத்துக்கொள்ளும். இன்னொன்று டால்பி, மூட்டை கட்டி அனுப்புவது போன்றது. மூட்டையைப் பிரிக்கத் தெரியாத டி.வி. பேசாமல் இருந்துவிடும். எச்.டி. சேனல்கள் பல டால்பியில் வருவதால், எச்.டி.யில் மட்டும் சத்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன். பாக்ஸ் மெனுவில் ஆடியோ அவுட்புட் என்ற இடத்துக்குப் போய், டால்பியை மாற்றி பி.சி.எம். அல்லது ஸ்டீரியோ என்று வையுங்கள். பாக்ஸ் ரிமோட்டில் வால்யூமை அழுத்தினால் எண் மாறுகிறது, சத்தம் மாறவில்லை என்றாலும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

பாக்ஸையும் டி.வி.யையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் முனையில் 19 பின்கள் இருக்கின்றன. சத்தத்துக்கென்று தனிக் கம்பி அதில் கிடையாது. படத்தை அனுப்பும் கம்பிகளிலேயே, படத் தகவலுக்கு நடுவில் வரும் இடைவெளிகளில் சத்தமும் போகிறது. அதனால் படம் சுத்தமாக வந்து சத்தம் மட்டும் இல்லை என்றால், புதுக் கேபிள் வாங்க ஓடாதீர்கள். படம் விட்டு விட்டு வந்தாலோ புள்ளிகள் மின்னினாலோ கேபிளைச் சந்தேகப்படலாம். சில சமயம் பாக்ஸும் டி.வி.யும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதில் தடுமாறும். இரண்டையும் சுவரில் அணைத்து, ஓரிரு நிமிடம் விட்டு, கேபிளை அழுத்திச் சொருகி, முதலில் டி.வி.யையும் பிறகு பாக்ஸையும் போடுங்கள்.

பழைய மூன்று நிறக் கேபிளில் மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடது பக்கச் சத்தத்துக்கு, சிவப்பு வலது பக்கத்துக்கு. மஞ்சளை வெள்ளைத் துளையில் சொருகினால் கர்ரென்று ஒரு சத்தம் வரும். சில டி.வி.களில் சிவப்புத் துளை இரண்டு இருக்கும். பச்சை, நீலத்தோடு சேர்ந்திருப்பது படத்துக்கானது. மெல்லிய டி.வி.களில் ஒரே துளையில் சொருகும் சின்ன இணைப்பி இருக்கும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறும், அதனால் டி.வி.யோடு வந்ததையே பயன்படுத்துங்கள்.

கடைசியாக, விடாமல் ம்ம்ம் என்று ஓர் உறுமல் கேட்டால், பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் ஆண்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் எர்த் சம்பந்தப்பட்ட கோளாறு. பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. கேபிளைக் கழற்றினால் உறுமல் நிற்கிறது என்று இணைப்புக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.